ஆறு இரவுத் தொலைவு

"ஏய், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் கணக்கு வெச்ச?" என்று அக்கா கேட்டபோது மணி மூன்றேகால். எங்கள் தொல்லியல் அலுவலகத்தில் வடமொழிக் காவியங்களை வாசிப்பது, நான் அக்கா என்று கூப்பிடும் இவள். அவற்றில் வரும் நாடுகளும் நகரங்களும் இன்று எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது நான்.

"முப்பது கிலோமீட்டர்க்கா. படை நடக்கிற தூரம்."

"படையா? நல்லாருக்கு போ. போன சருக்கத்துலதான் படை. இது கல்யாணப் பொண்ணு போற பல்லக்குடீ. மத்தியானமானா இறங்கிக் குளிக்கிறா, பூப்பறிக்கிறா, அம்மாவ நெனச்சு அழுவுறா. அவளப் போயி இப்படி வெரட்டியிருக்கியே!"

நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் கண் வரைபடத்தில் நான் வைத்த புள்ளிக்குப் போனது.

காவியம் சொல்வது இவ்வளவுதான்: ஆறுகள் கூடும் இடத்திலிருந்து கரையோரமாக ஆறு இரவுத் தங்கல், மேற்கே இரட்டைக் குன்று, சிவந்த மண். நான் வைத்த புள்ளியில் இப்போது நூற்றுப்பத்து வீடுகள் இருக்கின்றன. தோண்டிப் பார்ப்பதற்காக அவற்றைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் நான்கு மணிக்குப் போகிறது. அதற்கு என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பென்சில்தானே, அழிச்சுப் போடு" என்று அக்கா தன் மேசைக்குப் போய்விட்டாள்.

தூரத்தைப் பாதியாக்கி, கவராயத்தின் இரண்டு கால்களையும் நெருக்கினேன். கவராயம் கரையோரமாக நடந்து, ஆறாவது எட்டில் நின்றது. நின்ற இடத்தை மூன்று முறை பார்த்தேன். அங்கேயும் மேற்கே இரட்டைக் குன்று. அந்தக் குன்றுகளுக்கு நடுவே சூரியன் இறங்குவதை நான் தினமும் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் அண்ணன் கழிவுத்தொட்டிக்குக் குழி தோண்டியபோது சிவப்புப் பானையோடுகள் கூடை கூடையாக வந்தன. "எந்தக் காலத்துக் குப்பையோ" என்று அவன் அவற்றை வாசலில் கொட்டி மேடாக்கினான். இந்த வேலையில் இருக்கும் நான், அதன்மேல் நடந்துதான் தினமும் பேருந்துக்குப் போகிறேன்.

கைபேசி அடித்தது. அண்ணி.

"ஏம்மா, மேல் ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கிறது? கொத்தனார் நிக்கிறாரு. உன் ரூமுதானே, உன்னையே கேக்கச் சொல்லிட்டாரு உங்கண்ணன்."

வரைபடத்தில் கவராய முள் கடைசியாகக் குத்திய ஓட்டையை விரலால் தடவினேன்.

"லைன்ல இருக்கியா?"

"அப்புறம் சொல்றேன் அண்ணி."

"அப்புறம்னா சுவரு எழும்பிடும். அப்புறம் இருட்டுன்னு என்னைத் திட்டக் கூடாது, ஆமா!"

வைத்துவிட்டாள். பழைய புள்ளியையே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா கவராயம் பிடிக்க மாட்டாள். இயக்குநர் கையெழுத்தை மட்டும்தான் பார்ப்பார். அந்த நூற்றுப்பத்து வீடுகளில் எனக்கு ஒருவரையும் தெரியாது. இப்படி நினைத்தவள் நான்தானா என்று பயமாக இருந்தது. அங்கேயும் யாரோ ஒருத்தி ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியபோது அந்தப் பயம் இன்னும் கூடியது.

நடைவழியில் இயக்குநரின் செருப்புச் சத்தம். "நாலாகப் போகுதும்மா. முடிஞ்சுதா?"

தாளைச் சட்டென்று கையில் தூக்கினேன். எதிரே சாளரத்தில் வெயில். பழைய புள்ளியிலும் புதிய இடத்திலும் கவராய முள் அழுந்தக் குத்திய இரண்டு ஓட்டைகள் வழியாகவும் வெளிச்சம் வந்தது, ஒரே அளவில், இரண்டு வீட்டில் விளக்கேற்றியதுபோல. அவர் பக்கத்தில் வந்து நின்றபோது, அதில் ஒன்றை என் கட்டைவிரல் மூடியிருந்தது.