ஒன்பதாவது பேட்ஜுக்கான சான்று

கோகிலவாணிக்கு ஒன்பதாவது பேட்ஜ் வந்த அன்று மஞ்சூரில் விடியும்போதே மழை. அவள் பயிற்சிக்கு இருந்த நூலகத்தில் ஆளில்லை. போனில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் 'வாசகர் உதவிச் சேவை' என்ற எழுத்து, அடியில் அவள் பெயர். எடுத்த எடுப்பில் அதன் லிங்கை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

குன்னூரில் அவள் நூலக அறிவியல் முதுகலை படிக்கும் கல்லூரியில் இப்போது பரீட்சை மட்டும் போதாது. பன்னிரண்டு டிஜிட்டல் பேட்ஜ் வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேலையைச் செய்து காட்டியதற்குச் சான்று ஏற்ற வேண்டும். பேட்ஜைத் தொட்டால் அந்தச் சான்று திறக்கும். "வேலைக்கு எடுக்கறவங்க மார்க்க பாக்க மாட்டாங்கம்மா, இதத்தான் தொட்டுப் பாப்பாங்க" என்று அம்புரோஸ் சார் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்.

அவள் ஏற்றிய சான்று பதினோரு நிமிட ஒலிப்பதிவு. பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பூச்சிமருந்தடிக்கும் தங்கையா ஒருநாள் நூலகத்துக்கு வந்து, மருந்தடிக்கிறவனுக்கு முகமூடியும் கையுறையும் எஸ்டேட் கொடுக்க வேண்டுமென்று விதி உண்டா என்று கேட்டார். நாலு மாதமாக இருமல். தோல் வெந்து உரிந்த கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டே பேசினார். "பாடத்துக்கு ரெக்கார்ட் பண்ணிக்கட்டாண்ணே?" என்று கேட்டாள். "பண்ணிக்க பாப்பா" என்றார். விதியைத் தேடி எடுத்து, தமிழில் வாசித்துக் காட்டி, அச்செடுத்தும் கொடுத்தாள். ஏற்றுவதற்கு முன் பெயர் வரும் இடத்தை வெட்டினாள். குரலையும் இருமலையும் என்ன செய்வதென்று அவளுக்குத் தோன்றவில்லை. சார் மட்டும்தானே கேட்கப்போகிறார் என்ற நினைப்பு.

ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் வாழ்த்தினார்கள், தொட்டார்கள், கேட்டார்கள், அனுப்பினார்கள். நாலாம் நாள் எஸ்டேட் ஆபீசில் அதைப் போட்டுக் கேட்டார்கள்; குரலிலும் இருமலிலும் ஆள் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது தங்கையாவின் பெயரைக் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. நிரந்தரத் தொழிலாளி இல்லை என்பதால் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

இதெல்லாம் கோகிலவாணிக்குத் தெரிய ஒரு வாரமானது. பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ போனைச் சத்தமாக வைத்திருந்தார். அதிலிருந்து அவளுடைய குரலே வந்தது, பின்னாலேயே அந்த இருமல். "இவந்தான் தங்கையா, வேல போச்சுல்ல" என்றார் ஒருவர். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மழையில் நின்றாள்.

அன்றைக்கே அம்புரோஸ் சாரைப் போய்ப் பார்த்தாள்.

"அத எடுத்துடுங்க சார்."

"ஒருக்கா பேட்ஜுக்கு ஒப்புதல் குடுத்துட்டா சான்ற மட்டும் தனியா எடுக்க முடியாது கோகிலா. பேட்ஜையே ரத்து பண்ணணும். பண்ணினா பன்னெண்டு ஆகாது. பட்டமளிப்புல உம் பேரு வராது. அவருதான் சம்மதிச்சாரே?"

"எதுக்கு சம்மதிக்கறோம்னு அவருக்குத் தெரியாது சார். எனக்கே தெரியல. வாசகர் என்ன கேட்டாருன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான் நடத்துனீங்க. அதுக்கும் ஒரு பேட்ஜ் வாங்கியிருக்கேன்."

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். "இத நான் யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ரத்து செய்தார். பச்சை வட்டம் போனது. அவரவர் போனில் இறங்கியிருந்த குரல் போகவில்லை.

மறுநாள் லயத்துக்குப் போனாள். தங்கையாவின் மனைவி சின்னம்மை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "வா பாப்பா. நீ குடுத்த தாளுதான் ஆதாரம், பத்திரமா வச்சிருக்காரு. காட்டிக் குடுத்தவன் நல்லா இருக்க மாட்டான். பக்கத்து ஊட்டு செல்லையாதான். நூலகத்துல கேட்டத அவங்கிட்ட மட்டுந்தான் இவரு சொல்லியிருந்தாரு."

தங்கையா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் செல்லையாவைக் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியால் அடித்ததில் காது கிழிந்து, செல்லையா கோத்தகிரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். இருபது வருடமாக ஒன்றாக மருந்தடித்தவர்கள்.

கோகிலவாணி நினைத்தால் பேசாமல் திரும்பிப் போய்விடலாம். அந்த ஒலிப்பதிவு இவர்கள் காதுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை.

"செல்லையாண்ணன் இல்லண்ணே. நான்தான். அன்னிக்கு ரெக்கார்ட் பண்ணுனேன்ல, அது எல்லாரும் கேக்கற எடத்துல இருந்துச்சு. நான்தான் வெளிய விட்டேன்."

சின்னம்மையின் கை சாக்கிலேயே நின்றது. தங்கையாவுக்கு இருமல் வந்தது, அடங்க நேரமானது.

"நீ படிச்சு முடிக்க நாந்தான் கெடச்சனா?" என்றார். குரல் உயரவில்லை. "அவன் கும்புட்டுக்கிட்டே அடி வாங்குனாம் புள்ள. நான் இல்லடா, நான் இல்லடான்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

சட்டையை மாட்டிக்கொண்டு கோத்தகிரிக்குப் போக இறங்கினார். செல்லையாவின் மகள் அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள் என்று கோகிலவாணி பிறகு கேள்விப்பட்டாள்.

மாதக் கடைசியில் திருப்பூரில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போவதாக அவர்கள் சாமானை வேனில் ஏற்றினார்கள். கோகிலவாணி போய் ஒரு குடத்தைத் தூக்கினாள். சின்னம்மை அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேணாம். நாங்க ஏத்திக்கறோம்."

தங்கையா முன் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் வளைவில் இறங்கும்வரை அவர் திரும்பவில்லை.