விளிம்பில் இருந்த பெயர்

விங் கமாண்டர் ஸ்தனிஸ்லாஸ் இறந்த இரண்டாவது மாதம், அவருடைய பதக்கங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஈவ்லின் ராயப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தாள். கணவர் சின்ன வயதில் படித்த சாந்தோம் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை அவருடைய படத்தைத் திறக்கப் போகிறார்கள். படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் பதக்கங்கள் இருக்க வேண்டுமாம். மகன் எரிக் அழைப்பிதழையே அடித்துவிட்டான். 'நானூறு விமானிகளை உருவாக்கிய ஆசான்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அந்த நானூற்றில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று ஈவ்லினுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே கைவந்த வேலை.

ஹபீபுர் ரஹ்மானின் கடையில் போலீஸ் தொப்பியிலிருந்து பேண்டு வாத்தியக்காரர்களின் கோட்டு வரை எல்லாம் தொங்கும். பட்டாளத்துக்காரர்களின் பதக்கங்களுக்குப் பழைய நாடாவை மாற்றி, வரிசை பிசகாமல் ஒரே பட்டையில் கோத்துத் தைப்பதில் அவர் கெட்டிக்காரர். பதக்கத்தின் விளிம்பில், அதை வாங்கியவரின் எண், பதவி, பெயர் மூன்றும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதைப் பார்க்காமல் அவர் ஊசியில் நூல் கோப்பதில்லை.

ஐந்தாவது பதக்கத்தில் அவருடைய கை நின்றது.

"டீச்சரம்மா, இது சாரோடது இல்லியே."

"அவரோடதுதான் பாய். பீரோவிலேர்ந்து நானே எடுத்து வந்தேன்."

"பேரு வேற போட்டுக்கீதும்மா. ஃபிளைட் லெஃப்டினன்ட் ஜி. ரகுபதி. ரொம்பத் தேஞ்சு போய்க்கீது, ஆனா படிக்கலாம். இந்தாங்க, நீங்களே பாருங்க."

ஈவ்லின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அது ஒன்றும் வீரப் பதக்கமில்லை. ஒன்பது வருஷம் ஒழுங்காக வேலை பார்த்த எல்லோருக்கும் கொடுப்பது. ஹபீபுர் ரஹ்மான் அவளைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. பரேடுக்கு முந்தின நாள் ரெண்டு ஆபீசருங்க ஒண்ணா தைக்கக் குடுத்தா இப்டி மாறிப்போவும். எங்க தொழில்ல நடக்குற தப்புதான். அப்பால பேரைப் பாத்துட்டு மாத்திக்குவாங்க. சார் பாக்கவே இல்லியா?"

சார் பார்க்காமல் இருப்பாரா? குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முந்தின நாள், சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, பாலிஷ் போட்டு ஒவ்வொரு பதக்கமாகத் தேய்ப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் வீடு இரண்டாகும். வருஷத்துக்கு இரண்டு தடவை என்றால் நாற்பது வருஷத்துக்கு எண்பது தடவை. எண்பது தடவையும் அந்தப் பையனின் பெயரைக் கையில் வைத்துத் தேய்த்திருக்கிறார் மனுஷன். அதன் பிறகு கை கழுவிவிட்டு வந்து, மீன் குழம்பில் உப்பு கம்மி என்றும் சொல்லியிருக்கிறார்.

ரகுபதி மயிலாப்பூர்க்காரன். எண்பத்து நான்கில், வடக்கே ஒரு தளத்தில், விமானிகளைப் பயிற்சியாளர்களாகத் தயார் செய்யும் வகுப்புக்கு வந்திருந்தான். ஸ்தனிஸ்லாஸ்தான் அவனுக்கு ஆசான். அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான் தமிழ். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஈவ்லின் வைக்கிற மிளகு ரசத்துக்கு வந்து நிற்பான். ஜனவரி அணிவகுப்புக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அந்தப் பதக்கம் கிடைத்தது; ஒன்றாகத்தான் தைக்கக் கொடுத்தார்கள். மார்ச்சில் அவன் இல்லை.

இறந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "சார், காது ரெண்டும் அடைச்சிருக்கு. ஒரு நாள் தள்ளிப் பறக்கட்டுமா?" என்று கேட்டான். சளி பிடித்தவன் விமானத்தை ஓட்டக் கூடாது. கீழே இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் ஏறி, வலியில் தலை சுற்றிவிடும். வகுப்பின் முதல் நாளே ஸ்தனிஸ்லாஸ் பாடமாகச் சொல்வது இதைத்தான். அப்படிப்பட்டவர் அன்றைக்குச் சிரித்தார். "மயிலாப்பூர்ப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினா ஏர் ஃபோர்ஸே லீவு விடணுமா? காலைல ஏழு மணிக்கு நீ மேலே இருக்கணும்" என்றார். ரகுபதியும் வெட்கப்பட்டுச் சிரித்தான். ஈவ்லின் அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

காலையில் தனியாகப் போனவன் இறங்கும்போது விழுந்தான். விசாரணையில் விமானியின் பிழை என்று எழுதி முடித்தார்கள். சளியைப் பற்றி ஸ்தனிஸ்லாஸ் மூச்சு விடவில்லை. ஈவ்லினை யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நாற்பது வருஷமாக அவள் ஒரு காரணமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மயிலாப்பூரிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. அச்சடித்த மாதிரி கையெழுத்து. பின்பக்கம் அனுப்புநர் முகவரியில் சித்திரைக்குளத்துப் பக்கம் ஒரு தெரு. மூன்றையும் அவள்தான் அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் மூன்றையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார். யார் எழுதியது, என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. முகவரி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றுச் சாந்தோமுக்கு வந்த பிறகு, அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் முப்பத்து மூன்று வருஷமும் காய்கறி வாங்கப் போனாள்.

"பாய், இதை மட்டும் கையில கொடுங்க. மத்ததைத் தைக்க ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சித்திரைக்குளத்துத் தெருவில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். வாசலில் இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரித்ததில், ரகுபதியின் தங்கை விசாலாக்ஷி முதல் மாடியில் தனியாக இருப்பதாகச் சொன்னார். கதவைத் திறந்தவளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அண்ணனின் நெற்றி அப்படியே இருந்தது.

"என் பேரு ஈவ்லின். விங் கமாண்டர் ஸ்தனிஸ்லாஸோட..."

"தெரியறது. போன மாசம் பேப்பர்ல படம் போட்டிருந்தா. உள்ள வாங்கோ."

ஈவ்லின் பதக்கத்தை மேஜையில் வைத்தாள். விசாலாக்ஷி அதை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. எழுந்து பூஜை அலமாரிக்குப் போய் இன்னொரு பதக்கத்தைக் கொண்டு வந்து வைத்தாள். அதே பதக்கம்தான். ஆனால் முகமும் விளிம்பும் தெரியாமல் குங்குமம் கெட்டியாகப் படிந்து கறுத்துக் கிடந்தது.

"இது உங்காத்துக்காரரோடது. அண்ணாவோட பெட்டி வந்த அன்னிக்கே அப்பா பேரைப் படிச்சுட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிள்ளையோட மெடல்னு பெருமாள் படத்துக்குக் கீழ வெச்சு, தினம் குளிச்சுட்டு வந்து குங்குமம் வெப்பா. இது அவனோடது இல்லேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது, சொல்லுங்கோ? இருபத்திரண்டு வருஷம் உங்காத்துக்காரர் பேருக்குப் பூஜை பண்ணிட்டுப் போய்ச் சேர்ந்தா."

ஈவ்லின் குங்குமத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "அந்த லெட்டர்ஸ்..." என்றாள்.

"அப்பா மூணு எழுதினார். முதல் ரெண்டும் மெடலை மாத்திக்கலாம்னு. பதில் இல்லே. மூணாவதுல மெடலே வேண்டாம், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் போடுங்கோன்னு எழுதினார். அன்னிக்குக் குழந்தைக்கு உடம்பு சரியா இருந்துதான்னு. ஏன்னா அண்ணா கடைசியா எழுதின கடுதாசில ஜலதோஷம்னு எழுதியிருந்தான்." அவள் குரல் உயரவில்லை. "அப்பா கணக்கு வாத்தியார். தப்பாப் போட்டா மார்க் போறது நியாயம்தானேம்பார். தப்பு அவனோடதுன்னு சர்க்கார் எழுதிடுத்து, இவரும் நம்பிட்டார். அப்புறம் அவன் பேரையே எடுக்கறதில்லே. படத்தைக்கூட மாட்ட விடலே. அப்படியே போய்ட்டார்."

சமையலறையிலிருந்து டிகாக்‌ஷன் வாசனை வந்தது. சுவரில் ஒரே ஒரு படம்தான். அந்தக் கணக்கு வாத்தியார் கண்ணாடி போட்டுக்கொண்டு, விடைக்காகக் காத்திருப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஈவ்லினும் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள்தான். எழுந்து நின்றாள்.

"உடம்பு சரியில்லை. நல்ல சளி. காது அடைச்சிருக்கு, ஒரு நாள் தள்ளிப் பறக்கட்டுமான்னு முந்தின நாள் கேட்டான். இவர் கேலி பண்ணி, போகச் சொன்னார். நான் பக்கத்துல நின்னு ரசம் ஊத்திட்டு இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும்மா. நான் யார்கிட்டயும் சொல்லலை."

விசாலாக்ஷி எழுந்தாள். உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டு வந்து வைத்தாள்.

"எழுதிக் குடுங்கோ."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு. அவர்தானே கேட்டார்?"

ஈவ்லின் எழுதினாள். ஆறு வரிதான் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் கை தயங்கியது. ஆயிரம் முன்னேற்ற அறிக்கைகளில் ஈ. ஸ்தனிஸ்லாஸ் என்று போட்ட கை அது. கேள்வி வந்தது அந்தப் பெயருக்குத்தானே என்று நினைத்து, அதையே முழுசாகப் போட்டாள்.

விசாலாக்ஷி இரண்டு தடவை படித்தாள். மடித்து அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"அப்பா போய் இருபத்தொன்பது வருஷம் ஆறது. நாப்பது வருஷமா ஒரு மைல் தூரத்துல இருந்திருக்கேள்."

"முப்பத்து மூணு," என்று ஈவ்லினின் வாய் தானாகத் திருத்திவிட்டது. சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"சரி, முப்பத்து மூணு. அப்பா அதுல முதல் நாலு வருஷம் இந்த வாசல்லதான் நாற்காலி போட்டு உக்காந்துண்டிருந்தார்." விசாலாக்ஷி குங்குமம் படிந்த பதக்கத்தை அவள் பக்கம் தள்ளினாள். "உங்களோடதை எடுத்துண்டு போங்கோ. மன்னிச்சேன்னு சொல்லணும்னு மட்டும் எதிர்பார்க்காதேள். என்கிட்ட அது இல்லே."

காபி கொடுக்கவில்லை. அந்த வீட்டில் வந்தவர்களுக்கு முதலில் கொடுப்பது அதுதான் என்று ஈவ்லினுக்குத் தெரியாமலில்லை. வயிறெரிந்தவள் கையால் காபி எதற்கு என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள். கோபம் முழுக்கச் செத்தவர்மேல் போகும் என்று பார்த்தாள். பாதிக்கு மேல் திரும்பி அவள்மேலேயே வந்தது.

சாயங்காலம் ஹபீபுர் ரஹ்மான் பதக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, இப்டி கீது? சோடா போட்டுத் தேச்சா ரெண்டு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும். தேச்சுடவா?"

"வேண்டாம் பாய். அப்படியே தையுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஊசியில் நூலைக் கோத்தார்.

அன்றைக்கே எரிக்கிடமும் சொல்லிவிட்டாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு எரிந்து விழுந்தான். "டாடி போனப்புறம் இதெல்லாம் எதுக்கு மம்மி? ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், அப்புறம் பேசலாம்," என்றான். அப்பாவைப் போலவே பேச்சை முடித்துவிட்டு எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் பள்ளி மண்டபத்தில் கூடினார்கள். பங்குச் சாமியார் திரையை விலக்கினார். சீருடையில் ஸ்தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கண்ணாடிப் பெட்டியில் பதக்கங்கள் ஒரே வரிசையில் மின்னின. ஐந்தாவது மட்டும் குங்குமம் படிந்து கறுத்துக் கிடந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கழுத்தை நீட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள்.

எரிக் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியின் கதவைத் திறந்தான். கர்ச்சீப்பை எடுத்து விரலில் சுற்றினான். "மம்மி, இதை இப்படியேவா வெப்பாங்க? அசிங்கமா இல்லை?"

ஈவ்லின் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துடைக்காதே. அடியில உங்க டாடி பேர்தான் இருக்கு. தெரியாம இருக்கிறதுதான் அவருக்கு மரியாதை."

எரிக் கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். அதற்குள் பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்திருந்தார்கள்.