தென்கிழக்கே பார்த்து நின்ற மருமகள்

குட்டை சிக்லிட் மீன்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தான் போகும். இரண்டாவது ஈற்றிலிருந்து எங்கே வேண்டுமானாலும் முட்டையிடும். முதல் முட்டைகளை மட்டும், பிறந்த தொட்டியில்தான் இடும். அதனால் கொளத்தூர் கலர் மீன் கடைகளில் பெண் மீன் வாங்குகிறவர்கள் முதலில் தாய் வீட்டு விலாசத்தைக் கேட்பார்கள். கடைக்காரர் அதை ஒரு சீட்டில் எழுதி, பையின் கழுத்தில் ரப்பர் பேண்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்.

நான் கேட்கவில்லை.

மறந்தேனா, கூச்சப்பட்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெண் எடுக்கும்போது என்னென்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை. என்ன சாப்பிடுவாள் என்று கேட்டேன். தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் மஸ்தான், நான் இன்னும் ஏதோ கேட்கப்போகிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

எங்கள் தொட்டியில் ஏற்கெனவே ஓர் ஆண் மீன் இருந்தது. கடுகளவிலிருந்து வளர்த்தது. என் மனைவி பூரணி அதைப் பெற்ற பிள்ளையைப்போலத் தம்பி என்பாள். அந்த வழியில் புதிதாக வந்தவள் எங்களுக்கு மருமகள் ஆனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மருமகளின் உடம்பு எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறியிருந்தது. வயிறு உருண்டிருந்தது. முட்டையிட நாங்கள் கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சிப் பக்கம் அவள் போகவே இல்லை. தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தென்கிழக்கே பார்த்து நின்றாள்.

"அம்மா வீடு இருக்கிற தெசைய பாத்து நிக்குது புள்ள," என்றாள் பூரணி. "நீங்க என்னடான்னா பேப்பர விரிச்சுட்டீங்க. வெலாசம் எங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். பூரணி என் தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றாள். அது கருகும்வரை நின்றாள்.

மஸ்தான் கடைக்கு ஓடினேன்.

"இத்தினி நாள் கழிச்சு வந்து கேக்குறியே சார்," என்றார் அவர். "எங்கெங்கேர்ந்தோ வருது. சீட்டு எழுதாத மீனுக்கு எங்கிட்ட கணக்கு ஏது?"

"இப்போது என்ன செய்வது?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கொண்டு போயி சேத்துடு. அதுக்கு மேல தாங்காது. முட்ட வயித்துலயே கெட்டுடும். அப்பால முட்டையும் இல்ல, புள்ளயும் இல்ல."

நான் நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறேன். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் மருமகளின் பிரசவம் என்று எழுதினேன். என் மேலதிகாரி படித்துவிட்டு, "தலைப்பிரசவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ ரெண்டு நாளா போட்டுக்குங்க," என்று கையெழுத்திட்டார்.

அந்தக் கையெழுத்து காய்வதற்குள் எனக்கு வழி தெரிந்தது. முப்பது வருடங்களாக நான் செய்யும் வேலைதான். தொலைவில் உள்ள ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க அங்கே போக வேண்டியதில்லை. இரண்டு இடங்களில் நின்று அதைப் பார்த்துக் கோடு போட்டால் போதும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அது இருக்கும். இதைக் காலையிலேயே யோசித்திருக்கலாம். சொந்த வீட்டுக் காரியம் என்றால் எனக்கு என் தொழில் மறந்துவிடுகிறது. எல்லாருக்கும் இப்படித்தானா, எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை.

வீட்டில் சென்னை வரைபடத்தைத் தரையில் விரித்து, மருமகளின் மூக்கிலிருந்து வால்வரை அளவுகோலை வைத்து முதல் கோட்டைப் போட்டேன். பிறகு அவளைத் தண்ணீரோடு பையில் எடுத்துக்கொண்டு வில்லிவாக்கம் பஸ் ஏறினேன். தம்பி தொட்டியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ அழாத. ஆம்பளைங்க எல்லாம் அப்புறமா போலாம்," என்று பூரணி அவனிடம் சொல்வது படியில் கேட்டது.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் பையைப் பார்த்தார்.

"யோவ், டிபன் பாக்ஸு! உன்னத்தான். புள்ளத்தாச்சி நின்னுக்கினு வருது, நீ காலு மேல காலு போட்டுக்கினு கீற?"

டிபன் பாக்ஸை மடியில் வைத்திருந்தவர் எழுந்து இடம் விட்டார். கண்டக்டர் மருமகளுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்தார். எனக்குக் காசு வாங்கிக்கொண்டார். பையை இருக்கையில் வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் தன் திசைக்குத் திரும்பிக்கொண்டாள்.

வில்லிவாக்கம் ரயில் நிலையத்து வாசலில் வரைபடத்தை விரித்தபோது அவள் கிழக்கே பார்த்தாள். இரண்டாவது கோட்டைப் போட்டேன். அயனாவரத்தில் ஒரு சந்தில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருந்த மாடி வீட்டின் மேல் கோடுகள் வெட்டிக்கொண்டன.

அந்த வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு, முன்னால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் வந்திருக்கிறேன். என்ன மனிதன் என்று நினைக்கமாட்டார்களா? பைக்குள் மருமகள் வாலை வேகமாக ஆட்டினாள். நான் மணியை அழுத்தினேன்.

அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், கழுத்தில் இஞ்சு டேப்போடு கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார்.

"ஏசுவே! நம்ம சின்னவ!" என்றார். பிறகுதான் என் பக்கமும் என் கையிலிருந்த பஸ் டிக்கெட்டுகள் பக்கமும் திரும்பினார். "நீங்கதான் சம்பந்தியா? நெறமாசத்துல பஸ்ஸுல கூட்டிட்டு வர்றீங்களே, நல்லா இருக்கா? ஒரு ஆட்டோ கெடைக்கலியா உங்களுக்கு?"

"கோடு போட வேண்டியிருந்தது," என்றேன்.

"வளைகாப்பாவது போட்டீங்களா?"

"போடவில்லை," என்றேன்.

"சரியாப் போச்சு. உள்ள வாங்க."

அவர் பெயர் ஃபிலோமினா. கூடத்தில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது தாய்த் தொட்டி. பாதாம் இலைகள் ஊறித் தண்ணீர் கஷாய நிறத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையல்களோடு வந்துவிட்டார்கள். தண்ணீருக்குள் வளையல்களை வரிசையாகப் பிடித்தார்கள். மருமகள் ஒவ்வொன்றின் உள்ளேயும் நுழைந்து வெளியே வந்தாள். பச்சை, சிவப்பு, மறுபடியும் பச்சை. கடைசி வளையலுக்கு அந்தப் பக்கம், நிறம் வெளுத்த ஒரு வயதான மீன் காத்திருந்தது. இரண்டும் துடுப்பால் துடுப்பைத் தொட்டபடி அசையாமல் நின்றன.

"ஆத்தாளும் மகளும் இனிமே நம்மள எங்க பாக்கப்போறாங்க," என்றார் ஃபிலோமினா. "புளிசாதம் சாப்பிடுங்க சம்பந்தி."

சம்பந்தி என்று என்னை இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. புளிசாதத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு முட்டையிட்டாள். ஃபிலோமினா தொலைபேசியில், "சுகப்பிரசவம். கொட்டாங்குச்சி மேல்கூரை முழுக்கச் செவப்புப் புள்ளியா இருக்கு. ஆம்பளைங்க யாரையும் கிட்ட விடமாட்டேங்குறா," என்றார். நான் செய்தியைத் திருப்பிச் சொன்னேன். பூரணி தெருவில் ஏழு வீடுகளுக்குச் சர்க்கரை கொடுத்தாள். எட்டாவது வீட்டுக்காரர் தானே வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பி அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

எட்டாம் நாள் குஞ்சுகள் நீந்தும் நாள். பூரணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். தம்பியைப் பையில் எடுத்துக்கொண்டு இந்த முறை ஆட்டோவில் போனோம்.

அந்த வீட்டில் முதல் நீச்சல் கூடத்தில்தான் நடக்கும். மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். மாலை நான்கு மணிக்குக் குஞ்சுகள் தண்ணீரின் மேல் மட்டத்துக்கு வந்து, அங்கே நிற்காமல் அப்படியே காற்றுக்குள் ஏறின. மொத்தம் எண்பத்தேழு. மூடுபனியின் ஒரு துண்டுபோல இயந்திரத்தைச் சுற்றி, காலண்டரைச் சுற்றி, எங்கள் தலைகளுக்கு மேலே போயின. மருமகள் பின்னாலேயே மஞ்சளாகப் போனாள். தம்பியும் பையிலிருந்து வெளியே வந்து, தூரத்தில் நின்று கதவைக் காவல் காத்தான்.

"மூக்கு யார் சாடை?" என்றாள் பூரணி.

"மூக்கு எங்க வீடு. முழி உங்க வீடு. சண்டை வேணாம்," என்றார் ஃபிலோமினா.

எனக்கு ஏனோ சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே சிரித்தேன்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. மருமகள் குஞ்சுகளை ஐந்தாறாக வாயில் எடுத்து, தொட்டிக்குள் இறங்கி, கொட்டாங்குச்சியில் துப்பிவிட்டு மறுபடி வந்தாள். நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒன்று ஒளிந்திருந்தது. என் சட்டைப் பையில் இரண்டு இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

"அம்புட்டுப் பேரும் உள்ள வந்தாத்தான் அவ ஓய்வா," என்றார் ஃபிலோமினா.

இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று இயந்திரத்துக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நான் நிமிர்ந்தபோது பூரணியின் இடம் காலியாக இருந்தது. மருமகள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, சட்டைக் காலரைக் கசக்காமல் என்னை எடுத்துக்கொண்டாள்.

கொட்டாங்குச்சிக்குள் இடம் தாராளமாக இருந்தது. பூரணி புடவையைச் சுருட்டிக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள்.

"கால மடக்கிக்குங்க," என்றாள் மெதுவாக. "புள்ளைங்க தூங்குது."

நான் காலை மடக்கிக்கொண்டேன்.