பின்னால் நின்ற வெள்ளை

தோள்பட்டை இற்று விழுகிற மாதிரி வலித்த ஒரு செவ்வாய்க்கிழமை, படக்காரனின் மனைவிக்கு முகம் கலங்கிப் போனது. வலிக்குக் காரணம் படுதா. முகம் பார்க்கும் கண்ணாடியின் உடைந்த சில்லுகளை ஒட்டிய தார்ப்பாய் அது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு நாற்பதடி பின்னால் நின்று, எட்டு வருடமாக அவள்தான் அதைத் தூக்கிப் பிடித்தாள். லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் முன்னால் நிற்பவர் முகம் பளிச்சென்று வரும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து, சில்லுகள் வட்ட வட்ட வெளிச்சமாக மிதக்கும். அந்த வட்டங்களுக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து ஜோடிகள் வந்தார்கள். தூக்கிப் பிடித்தவள் எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. தெரியாமல் நிற்பதுதான் அவள் வேலை.

அன்று வேலை முடிந்து படுதாவைச் சுருட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். கிட்டே வந்தும் முகம் தெளியவில்லை. கழுத்துக்கு மேலே மாநிறத்தில் ஒரு புகை, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் தீற்றல். படக்காரன் தன் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான். "என்னங்க, பேயப் பாத்த மாதிரி பாக்கறீங்க?" என்றாள். குரல் மட்டும் கூர்மையாக இருந்தது.

கல் உடைக்கிற இடத்தில் பன்னிரண்டு வருடம் சுமை தூக்கி வாங்கிய லென்ஸ் அது. தொறக்கிறதுக்குன்னே வாங்கினதை எதுக்கு மூடணும் என்பது அவன் கட்சி; ஒருநாள்கூட மூடி எடுத்ததில்லை. பழுது பார்ப்பவன் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே துவாரத்தைச் சுருக்கி மூடுகிற இதழ்கள் எண்ணெய் ஏறித் திறந்தபடியே ஒட்டிப் போயிருந்தன. "என் மச்சான் வாயாவது தூங்கும்போது மூடும். இது மூடாதுண்ணே," என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

லென்ஸோ ருசி கண்ட பூனையாகிவிட்டது. அதன் பிறகு பின்னால் யார் நின்றாலும் ஒரே அமுக்கில் கலங்கினார்கள். எடைமேடைக் குமாஸ்தாவின் நாய்க்கு முன்பாதி போய், வாலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. மனைவியை வேறு கேமராவில் எடுத்தால் புகை புகையாகவே வந்தது. வாங்கிக்கொண்டதே திருப்பித் தரட்டும் என்று, அதே லென்ஸின் முன்னால் அவளை நிறுத்தினான். அவள் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை.

லேசான காரியமில்லை. முழுக்கத் திறந்த லென்ஸில் தெளிவு விழுவது நகக்கண் அகலத்துக்கு. விளிம்பே இல்லாத முகத்தில் எதைப் பார்த்து ஃபோகஸ் வைப்பது? குத்துமதிப்பாக வளையத்தைத் திருகி, ஆயிரம் தடவை அமுக்கினால் ஒன்று பட்டது. பட்ட இடம் மட்டும் தெளிந்தது; தெளிந்தது மறுபடி கலங்கவில்லை. பின்னால் வானம் மட்டும் இருக்கும்படி ஏரிக்கரை மேட்டில் நிறுத்தி ஞாயிறுதோறும் எடுத்தான். இடது கண் வரப் பதினொரு மாதம். வாய் வந்தது மூன்றாம் வருடம், அவள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது. அதனால் அந்த வாய் சிரிக்கும்போதும் கொஞ்சம் திட்டியது.

மாமியார் ஆஸ்பத்திரிச் சலவையறையில் முப்பது வருடம் துணி வெளுத்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த வெள்ளை மேலங்கியைக் கழற்றவில்லை. வாரம் தவறாமல் வந்து வாசலில் நிற்பாள். "முழுப் பொண்ணாத்தானே குடுத்தேன் மாப்பிள்ளை? முக்காப் பொண்ண வச்சிருக்கீங்க. வலது கண்ணு எப்ப வரும்?"

"வந்துரும் அத்தை."

"வந்துரும்ங்கறதுக்கு அது என்ன பஸ்ஸா?"

"சும்மா இரும்மா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கார்," என்று உள்ளேயிருந்து புகை பேசும்.

ஐந்தாம் வருடம் ஒரு ஞாயிறு மதியம், வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தவன் விரலை நிறுத்தினான். கேமராவுக்குள் வலது கண் இருந்தது. இமை மயிரை எண்ணலாம். அந்த நேரம் பார்த்து, அவள் தோளுக்குப் பின்னால், வானத்தின் அடியிலிருந்து ஒரு வெள்ளை எழுந்து வந்தது. முன்பக்கப் படியில் ஏற முட்டி இடம் கொடுக்காததால், மாமியார் பின்சரிவு வழியாகச் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அது யார் என்று படக்காரனுக்குத் தெரிந்தது. தள்ளுங்க அத்தை என்று கத்த ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியில் கண் நழுவிவிடும். அவன் கத்தவில்லை. அமுக்கினான்.

மனைவி திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு இரண்டு கண்ணாலும் அழுதாள். கிழவி தூக்கைக் கீழே வைத்து, முகம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இவளுக்கு வந்துருச்சுல்ல? அது போதும். சாப்பிடுங்க, ஆறுது," என்றாள். பிறகு புகைக்குள்ளிருந்து, கொஞ்சம் பொறுத்து, "நான் வர்றது தெரிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

கிழவியை முன்னால் நிறுத்தி ஒன்பது ஞாயிறு எடுத்தான். ஒன்றும் படவில்லை. பத்தாவது ஞாயிற்றுக்கு முன்பே அவள் செத்துப் போனாள். கடைசியாக முகம் பார்க்க வந்தவர்கள் மேலங்கியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து அவன் எடுக்கிற படத்திலெல்லாம் பின்னால் ஒரு வெள்ளை நிற்கிறது. ஊர் பழகிவிட்டது. வெளியூர் ஜோடிகள் கேட்டால் மாமியார் என்கிறான். அவர்களும் தலையாட்டி, அவள் தெரிவதற்குக் கொஞ்சம் விலகி நிற்கிறார்கள். எல்லோரும் போன பிறகு வளையத்தை அவள் பக்கம் திருகுகிறான். எவ்வளவு திருகுகிறானோ அவ்வளவு அவள் பின்னால் போகிறாள். "இன்னிக்காவது பட்டுதா?" என்று மனைவி கேட்பாள். இல்லை என்பான். இருபத்திரண்டு வருடமாகிறது. மாமியாருக்கு அவன் ஒரு முகம் தர வேண்டும், இன்னும் தரவில்லை.