குத்பாவில் விடுபட்ட பெயர்

கொர்தோபா கிலாஃபத் உடைந்த பிறகு, ஸ்பெயின் மண்ணில் முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூஸில் கோட்டைக்கு ஒரு அமீர். எங்கள் அமீர் லுப்புக்கு வாய்த்தது இரண்டு மலையும் ஒரு ஆறும். அதற்கே என்ன மிடுக்கு! வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கமான குத்பாவில், மிம்பர் மேடையில் நின்று இமாம் கலஃப் ஆகிய நான் அவன் பெயர் சொல்லி இறைவனிடம் துஆ கேட்டால்தான் அவன் அமீர். இல்லாவிட்டால் அவனும் ஊரில் ஒரு ஆள்.

பகை ஊரான டொலேடோவுக்குப் பட்டு விற்கப் போய்வந்த என் மகன் சஃதூனை ஒற்றன் என்று சொல்லிக் கோட்டை வாசலில் தொங்கவிட்டான். எனக்கு ஒரே பிள்ளை. மகனைக் கொன்றவன் தகப்பனின் நாக்கை விட்டுவைத்தான். கிழவன் பயந்துவிட்டான் என்று நினைப்பு.

ஏழு வெள்ளி அவன் பெயரைச் சொன்னேன். என் மனைவி தரூப் அத்திப்பழத் தட்டைப் பிடுங்கினாள்.

"புள்ளயக் கொன்னவன் நல்லாருக்கணும்னு துஆ கேட்ட வாய்க்கு அத்திப்பழம் ஒரு கேடா?"

"பொறுடீ. இப்பச் சொல்லாம விட்டா என் தலை மட்டும்தான் போகும்."

"அப்ப எப்பதான்?"

"என் வாயி அவனுக்குத் தேவைப்படுற அன்னிக்கு."

எட்டாவது வெள்ளி டொலேடோ சேனை ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தது. பள்ளிவாசல் நிறைய லுப்பின் கூலிப்படை. குத்பாவில் பெயர் வருகிறவனுக்குத்தான் அவர்கள் சண்டை போடுவார்கள். கேட்டுவிட்டு மதிலேறக் காத்திருந்தார்கள்.

அமீருக்கான துஆ வருவது இரண்டாம் குத்பாவில். கோலை ஊன்றி எழுந்தேன். அவன் பெயர் வரவேண்டிய இடத்தில், "யா அல்லாஹ், கலஃபின் மகன் சஃதூனுக்கு ரஹ்மத் செய்வாயாக, கருணை காட்டுவாயாக" என்று சொல்லி நிறுத்தினேன்.

லுப் துள்ளி எழுந்தான். "யோவ் கிழவா! என் பேரு எங்கய்யா? சொல்லுய்யா!"

குத்பா நடக்கும்போது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்காரிகூட வாய் திறக்கமாட்டாள்.

"குத்பா நேரத்துல பேசப்படாது. உக்காரு, லுப்பு."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். தொழுகை முடிந்ததும் கூலிப்படைத் தலைவன் ஸீரி செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போய் டொலேடோ சேனைக்குக் கோட்டை வாசலைத் திறந்துவிட்டான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குள் டொலேடோக்காரர்கள் லுப்பை என் மகன் தொங்கிய அதே கொக்கியின் கீழ் நிறுத்தினார்கள். என்னைப் பார்த்ததும் அழுதான்.

"ஹஸ்ரத், ஒரே ஒரு தடவ எனக்காகச் சொல்லுங்க. நீங்க சொன்னா விட்டுருவாங்க."

"யாருப்பா நீ?" என்றேன்.

வீட்டில் தரூப் அத்திப்பழத் தட்டை என் முன்னால் நகர்த்தினாள். மிச்சம் வைக்காமல் தின்றேன்.