பதினேழாம் நம்பர் வீட்டுப் பாட்டு

மகள் முத்தம்மாவைப் பெண் பார்க்கத் தாப்பா ஊரிலிருந்து மனைவியோடு வந்திருந்த ராமையாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, சதாசிவம் பலகையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் கித்தாக் காட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஆட்களை வேலை வாங்கியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகும் லயத்தில் அவர் மண்டோர்தான். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அன்று காலை கதவின் வெளிப்பக்கத்தில் வீட்டு நம்பரை நீலச் சாயத்தில் பெரிதாகப் புதுப்பித்திருந்தார். சாயம் காய்வதற்காகக் கதவை உள்ளே சுவரோடு தள்ளித் திறந்து வைத்திருந்ததால், பதினேழு கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குச் சுவரிலிருந்த ஒலிப்பெட்டி செருமியது. பக்கீர் முகம்மது தன் சாயாக் கடையிலிருந்து கம்பி இழுத்து, லயத்தின் நாற்பது வீடுகளுக்கும் ஒவ்வொரு பெட்டி மாட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு அவன் ஏற்பாடு. சினிமாப் பாட்டுக்கு ரேடியோ இருக்கிறது, இங்கே அதில் வராததுதான் என்பான். எந்த வீடும் ஒரு பாட்டு கொடுக்கலாம். இசைத்தட்டாகவும் இருக்கலாம், கடையில் பாடிப் பதிந்த சொந்தக் குரலாகவும் இருக்கலாம். பாட்டு முடிந்ததும் வீட்டு நம்பரை மட்டும் சொல்வான். அப்படித்தான் ஒன்பதாம் நம்பர் கொடுத்த சீனப் பிடிலைச் சதாசிவம் கேட்டார். அடுத்த ஞாயிறும் அது வருமா என்று காத்திருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று வந்தது ஒரு பெண்குரல். தாளத்துக்குத் தகர வாளி.

*குடைபிடிச்சு வாராரு குச்சிக்கால் மண்டோரு*
*மழை ரெண்டு சொட்டு விழுந்தா மரத்தடியில் மறைவாரு*

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் புல்லு வெட்டும் பெண்களுக்கு நடுவே அவர் மனைவி காளியம்மா கட்டிய பாட்டு. தாலி கட்டிய அன்று, இனி அது வாயில் வரக்கூடாது என்றிருந்தார். வரவுமில்லை. போன வாரம் அவர் ஈப்போ போயிருந்த நாளில் கடைக்குப் போய்ப் பாடிப் பதிந்துவிட்டு வந்திருக்கிறாள். சம்பந்தம் பேச இன்றைக்கு வருவதாக ராமையா சொல்லி அனுப்பியதே முந்தாநாள்தான்.

அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு காளியம்மா நின்றுவிட்டாள்.

கம்பியைப் பிடுங்கலாம். ஆனால் கம்பி வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகிறது. இங்கே பிடுங்கினால் பதினெட்டிலிருந்து நாற்பது வரை ஊமையாகும். யாரும் கம்பியைத் தொடக்கூடாது என்று கோயில் கூட்டத்தில் உத்தரவு போட்டவரும் அவரே.

*அதிகாரம் பண்ணுவாரு ஆளையெல்லாம் வெரட்டுவாரு*
*தவளையொண்ணு தாவிவந்தா தலைதெறிக்க ஓடுவாரு*

ராமையா தொடையில் தட்டிச் சிரித்தார். "அடி ஆத்தி! எங்க தோட்டத்துலயும் இப்படி ஒருத்தரு இருந்தாருலா. கோவிச்சுக்காதீங்க மண்டோரே, உங்களச் சொல்லல."

"இருக்கட்டும்."

"தவளைக்கா ஓடுனாரு!" ராமையாவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா ஆளுங்க புல்லு வெட்டுறப்ப இப்படித்தான் பாடுவாங்க. எந்த ரேடியோவுலயும் கேட்டதில்லயே. பாடுறது யாருண்ணே?"

சதாசிவம் எழுந்தார். கதவருகே போய், நம்பர் மறையும்படி அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றார். முப்பது வருடத்துக்கு முந்திய தவளை. அப்போது பக்கத்தில் இருந்தவள் ஒருத்திதான். கதவில் முதுகு பிசுபிசுவென்று ஒட்டியது. வெள்ளைச் சட்டை.

வாளிச் சத்தம் நின்றது.

"பாட்டு கொடுத்தது பதினேழாம் நம்பர் வூடு," என்றான் பக்கீர் முகம்மது. பக்கத்து வீட்டில் யாரோ விசிலடித்தார்கள்.

"பதினேழு எந்தப் பக்கம் மண்டோரே? போறப்ப அந்த அம்மாவப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்," என்றார் ராமையா.

 காளியம்மா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே, அவர்கள் கிளம்பும் வரை, கதவோடு கதவாக நின்றுவிடலாம்.

"காப்பி ஆறுது," என்றார் சதாசிவம்.

முதுகைக் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு, விருந்தாளிகளுக்குப் பின்புறத்தைக் காட்டியபடி அடுக்களை வாசலுக்கு நடந்தார். தட்டை அவள் கையிலிருந்து வாங்கினார். பின்னால் கூடத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. சட்டையின் முதுகில், இடவலம் மாறி, நீலமாக, ஈரமாக இருந்தது பதினேழு.