வேறு பேரில் ஒரு மாவுக்கட்டு

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது கெட்டிக்காரி ஒரு ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய துணிகளைத் திருத்தித் தைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். முன்னறையில் பாதி இடத்தைத் தையல் மெஷினே பிடித்துக்கொண்டிருக்கும். கெட்டிக்காரி என்பது பிறந்த வீட்டில் வைத்த பேர். எந்தச் சிக்கலைக் கொடுத்தாலும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவாள் என்று அம்மாவும் அக்காவும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள்.

"குழந்தைகள் நலத்துறையில இருந்து வர்றேன். உங்க மகளைப் பார்க்கணும்" என்றாள் வந்தவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு.

கெட்டிக்காரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பைக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளறையில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி கெட்டிக்காரியின் மகள். வாயாடி என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். இன்னொருத்தி அக்கா மகள்; நடந்தால் காலடிச் சத்தம்கூடக் கேட்காது என்பதால் பூனை. அந்தப் பூனையின் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. கட்டுப் போட்டதிலிருந்து அவள் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். இன்றைக்கு அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகத்தான் அக்கா வந்திருந்தாள். அக்கா புருஷன் பின்னாலேயே வேனில் வந்துகொண்டிருந்தார்.

அதிகாரியம்மா டேப்லெட்டைத் தட்டினாள். "முன்னெல்லாம் ஆஸ்பத்திரி விவரம் ஆஸ்பத்திரியில கிடக்கும், பள்ளிக்கூட விவரம் பள்ளிக்கூடத்துல கிடக்கும். ஒருத்தருக்கு ஒருத்தர் மூச்சுக்கூட விடமாட்டாங்க. இந்த வருஷத்துல இருந்து எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்திருக்கோம். ஒரு பிள்ளைக்கு ரெண்டு தடவை பலமா அடிபட்டா எங்களுக்குத் தகவல் வந்துரும். உங்க மகளுக்குக் கோடை லீவுல நெத்தியில தையல். போன வாரம் இடது கை எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள்கூட லீவு போடல. கட்டுப் போட்ட மறுநாள் கயிறு இழுக்கிற போட்டியில வேற நின்னிருக்கா."

அடக் கொடுமையே! கயிறு இழுக்கிற போட்டியா வந்து கழுத்தை அறுக்கணும் என்று கெட்டிக்காரி பல்லைக் கடித்தாள்.

நடந்தது இதுதான். போன வருஷம் பூனையின் தோள்பட்டை எலும்பு முறிந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் எப்படி விழுந்தாள், எங்கே விழுந்தாள், யார் கூட இருந்தார்கள் என்று அக்காவின் வாயைப் பிடுங்கினாள். அக்கா நடுங்கிப்போய் வந்தாள். இன்னொரு தடவை இப்படி யாராவது கேட்டால் அந்த ஆள் என்னைக் கொன்றே போட்டுவிடுவான் என்று அழுதாள். அப்போது வழி சொன்னவள் சாட்சாத் நம் கெட்டிக்காரிதான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயசு, ஒரே ஜாடை. 'என் மக ஆஸ்பத்திரி கார்டை எடுத்துக்கிட்டு நானே கூட்டிட்டுப் போறேன். நானே அம்மான்னு சொல்றேன். உன்மேல ஒரு சந்தேகமும் வராது' என்றாள். தையல் போட்டதும் அப்படித்தான், மாவுக்கட்டும் அப்படித்தான். எவ்வளவு சுலபமாக ஊர்க் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வாயாடி, இங்க வா. நீ மட்டும்" என்றாள் கெட்டிக்காரி.

வாயாடி கதவை ஒருக்களித்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையும் முழுசாக இருந்தன. அதிகாரியம்மா கையைப் பிடித்துப் பார்த்தாள், முடியை ஒதுக்கி நெற்றியைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"ஆன்ட்டி, எதுக்குப் பேன் பார்க்கிறீங்க?" என்று கேட்டது அது. அதிகாரியம்மா சிரித்துவிட்டாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுக் கெட்டிக்காரியைப் பார்த்தாள்.

"கார்டை யாருக்காவது கொடுத்தீங்களா?"

"இல்லைங்க. நடுவுல ஒருதடவை தொலைஞ்சு, அப்புறம் கிடைச்சது."

பொய் எவ்வளவு வழவழப்பாக வந்தது! அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அதிகாரியம்மா டேப்லெட்டை மறுபடி பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"சரி, ஏதோ பேர் மாறிப் பதிவாயிருக்கு. சேர்த்ததுல இருந்து இதே ரோதனைதான். முந்தாநாள் ஒரு ஆறு வயசுப் பையனுக்குப் பிரசவம் ஆயிருக்குன்னு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு எழுதித் திருத்தச் சொல்றேன். பயப்படாதீங்க, உங்க மகளை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டாங்க."

அப்பாடா என்றிருந்தது. கீழே வேனின் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அக்கா பையின் வாயை இழுத்து மூடினாள்.

அதிகாரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க இவங்க அக்காவா? நினைச்சேன், முகம் சொல்லுது. இவங்க குடும்ப விவரத்துல உங்க பேரும் இருந்துச்சு" என்றாள். "உங்களுக்கும் ஒரு நல்ல சேதி சொல்லிடறேன். போன வருஷம் உங்க மக தோள்பட்டை விஷயமா நர்ஸ் எங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தாங்க. இன்னொரு தடவை அடிபட்டு வந்தா உடனே வீட்டுக்குப் போய்ப் பாருங்கன்னு. நாங்களும் காத்துக்கிட்டே இருந்தோம். அப்புறம் அவ பேர்ல ஒரு சளி, காய்ச்சல்கூட வரல. நல்லா இருக்கான்னு போன மாசம்தான் மூடினோம்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அக்காவும் தலையை ஆட்டி ஏதோ நன்றி மாதிரி முனகினாள்.

கெட்டிக்காரியின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் நின்றது. காத்துக்கிட்டே இருந்தோம் என்கிறாளே! யாரோ ஒருத்தர் கதவைத் தட்டுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அந்த இன்னொரு தடவை வந்தது. நெற்றி பிளந்து ரத்தம் ஒழுக வந்தது. அதை அவள்தான் தன் மகள் பேரில் எழுதவைத்தாள். எழுதவைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கை முறிந்தே இருக்காது. அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த ஆளையல்லவா இத்தனை நாளும் காப்பாற்றியிருக்கிறாள்! தூ, இதுவும் ஒரு கெட்டிக்காரத்தனமா என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

ஹாரன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக.

"நில்லுங்கம்மா" என்றாள்.

"வேண்டாம்டி" என்று அக்கா எழுந்தாள். "உன் காலைப் பிடிக்கிறேன், வேண்டாம்."

கெட்டிக்காரி போய் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். பூனை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டு முழுக்க வாயாடி மீன் மீனாக வரைந்து வைத்திருந்தாள். அதிகாரியம்மா மாட்டிய செருப்போடு உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள்.

"உன் பேர் என்னம்மா?"

பூனை முதலில் சித்தியைப் பார்த்தாள். பிறகு வாயாடியின் பேரைச் சொன்னாள். வாயாடியின் அப்பா பேர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வலியோடு வலியாகச் சித்தி சொல்லிக்கொடுத்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஏய், அது என் பேருடி!" என்றாள் வாயாடி.

கெட்டிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "போதும் கண்ணு. இனிமே உன் பேரையே சொல்லு" என்றாள். பிறகு அதிகாரியம்மாவிடம், நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று, ஒரே மூச்சில் கொட்டினாள். "இவ என் அக்கா மக. எங்கயும் விழல. அவங்கப்பா கையை முறுக்கினாரு. நெத்தியும் அவர்தான், தோள்பட்டையும் அவர்தான். கார்டு கொடுத்தது நான். என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க, இவளை அந்த வண்டியில ஏத்திடாதீங்க."

"பாவி! என் குடியைக் கெடுத்துட்டியேடி!" அக்கா அவள் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். கெட்டிக்காரி தடுக்கவில்லை.

அதிகாரியம்மா வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். போனைக் காதில் வைத்துத் தணிந்த குரலில் விலாசம் சொன்னாள். "ஆமா, இப்பவே. போலீஸையும் கூட்டிட்டு வாங்க. ஆள் கீழதான் இருக்கான்."

ஆனால் ஆள் கீழே இல்லை. படியில் கனமான காலடி கேட்டது. ஒவ்வொரு மாடியாக ஏறி, கதவுக்கு வெளியே வந்து நின்றது. பிறகு கதவு அதிரத் தட்டும் சத்தம்.

"என்னடி பண்றீங்க உள்ள? எவ்வளவு நேரம்?"

அந்தக் குரல் அக்காவைக் கிளப்பிவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம், கால் தானாகவே நடந்தது. குறுக்கே வந்த அதிகாரியம்மாவைத் தள்ளிவிட்டு, இதோ வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.

பூனை உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். அவள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சித்தியின் விரலைப் பிடித்து இழுத்து, சின்னக் குரலில் கேட்டாள்.

"சித்தி, அப்போ அடுத்த தடவை ஆஸ்பத்திரியில என் பேரையே சொல்லலாமா?"

அக்கா திரும்பி மகளைப் பார்த்தாள். வெளியே மறுபடி கதவு அதிர்ந்தது. அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள், அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள், இரண்டு காலையும் எதிரே இருந்த தையல் மெஷினில் உதைத்து ஊன்றிக்கொண்டாள்.